தகட்டில் விழுந்த அலை

அந்தப் பட்டறையில் இரும்பைச் சீவும் மில்லிங் மெஷின் கடைசிச் சுவரோரம் தனியாக நின்றது. அதை ஓட்டியவளும் அப்படித்தான். பட்டறைக்கு அவள் மில்லிங்கக்கா. வயது நாற்பத்தாறு. அம்மா போன பிறகு ஒற்றை அறை, ஒற்றைத் தட்டு. ஞாயிறுதோறும் தம்பி ஃபோனில் "நல்லா இருக்கியாக்கா?" என்பான், "இருக்கேன்" என்று அவள் முடிப்பதற்குள் வைத்துவிடுவான்.

அந்த வாரம் அவள் சீவிக்கொடுத்த இரும்புத் தகடுகள் இரண்டு முறை திரும்பி வந்தன. வழவழவென்று இருக்க வேண்டிய பரப்பில் மெல்லிய அலைக் கோடுகள்.

"இன்னொரு தடவ வந்துச்சுன்னா உங்கள பேக்கிங்குக்கு மாத்தறதத் தவிர வழியில்லம்மா," என்றார் ஃபோர்மேன், தகட்டைப் பார்த்துக்கொண்டே.

கட்டர் சுழலும் வேகத்தைக் குறைத்தாள். தகடு நகரும் வேகத்தை மாற்றினாள். ஒரே அடியாக ஆழ வெட்டாமல் மூன்று தடவையாகச் சீவினாள். புதுக் கட்டரும் மாட்டிப் பார்த்தாயிற்று. அலை மெலிந்ததே தவிர மறையவில்லை.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். அவளை யாரும் கூப்பிடவில்லை. "நீங்க போங்க" என்று அவளே சொல்லிச் சொல்லி, கூப்பிடுவது நின்று வருடங்களாகிவிட்டன. மற்ற மெஷின்கள் ஓய்ந்ததும் தன் மெஷினின் கடகடப்பு தனியாகக் காதில் விழுந்தது. நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தாள். கட்டர் அதைப் பிடித்திருக்கும் பிடியிலிருந்து ஒரு சாண் வெளியே நீண்டிருந்தது. தகட்டை இறுக்கும் உயரமான கிளாம்பில் இடிக்காமலிருக்க அவளே நீட்டி மாட்டியதுதான். இவ்வளவு நீட்டினால் ஆடாமல் என்ன செய்யும்? குட்டைக் கிளாம்புகளைப் போட்டாள். கட்டரை உள்ளே தள்ளி இறுக்கினாள். ஓடவிட்டபோது சத்தம் ஒரே சீராக வந்தது.

தகட்டைத் துடைத்தாள். ஜன்னல் வெளிச்சம் அதன்மேல் ஒரு கோடுமில்லாமல் வழிந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. தம்பியைக் கூப்பிட்டாள்.

"என்னக்கா, அவசரமா?"

"இல்லடா, சும்மாதான்."

"அப்ப ஞாயித்துக்கிழம பேசறேன்."

சாயங்காலம் அளவு பார்க்கும் பெண் வந்தாள். ஒரு வருடமாக "கையெழுத்து போடுங்க" என்பதற்கு மேல் பேசியதில்லை. நகத்தால் தகட்டை வருடினாள்.

"எப்படிக்கா சரியாச்சு?"

மில்லிங்கக்கா சொல்ல ஆரம்பித்தாள். ஷிப்ட் மணி அடித்தும் அந்தப் பெண் நகரவில்லை. நடுவில் அக்காவுக்குத் தொண்டை கமறியது. இவ்வளவு நேரம் பேசிப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. அந்தப் பெண் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"நாளைக்கு ஓட்டும்போது வந்து பாக்கட்டுமா?"

"வா."

அறைக்குத் திரும்பிச் செருப்பைக் கழற்றும்போதுதான், கட்டர் சூடேறாமல் கூலன்ட் ஊற்றுவதைப் பற்றிச் சொல்ல விட்டுப்போனது ஞாபகம் வந்தது. வெகுநாளாக அவளிடம் நாளைக்கென்று எடுத்துவைக்க ஒரு பேச்சும் இருந்ததில்லை.