சாம்பலுக்குள் கிடந்த பிளாக்

கந்தப்பனுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. மலைமேல் எடப்புளி நாட்டில் சாமையும் மரவள்ளியும் போடுகிறவர், ஐம்பது வயது. கல்யாண வீட்டில் பாயசம் வருவதற்குள் எழுந்து கை கழுவிவிடுவார். கேரளத்துக்கு மிளகுத் தோட்ட வேலைக்குப் போய் நாலாம் நாளே திரும்பி வந்தார். தோட்டத்து லயத்து அறையில் அடைந்து கிடக்க முடியவில்லையாம். அப்படிப்பட்ட மனிதருக்கு வாய்த்தது ஒரு பழைய டீசல் ஜீப். பஸ் போகாத பாதைகளில் மரவள்ளி மூட்டை, ஆடு, பிள்ளைத்தாச்சி என்று எதையும் ஏற்றிக்கொண்டு இருபது வருஷமாக ஓடிக்கொண்டிருந்தார்.

நான் வேல்முருகன். பூர்வீகம் கீழே சேந்தமங்கலம். செம்மேட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். பொறுமைக்கு என்னைத்தான் சொல்வார்கள். அதாவது, நானே சொல்லிக்கொள்வேன்.

போன தை மாதம் ஏற்றத்தில் ஜீப் கொதித்து நின்றுவிட்டது. அரைமணி நேரம் ஆறவிட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. இவரால் முடியுமா? ஓடைத் தண்ணீரைக் கேனில் மொண்டுவந்து கொதிக்கிற இஞ்சினில் ஊற்றிவிட்டார். இஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். சேலத்துப் பழைய இரும்புக் கடைகளுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிக் கேட்டேன். அந்த மாடல் பிளாக் எங்கும் இல்லை. ஒட்டினால் ஜீப், ஒட்டாவிட்டால் காயலான் கடை. ஜீப் போனால் அவர் பிழைப்புக்குத் திருப்பூர் மில்லுக்குத்தான் போயாக வேண்டும்.

"நாலு செவுத்துக்குள்ள இந்த மனுசன் பத்து நாள் தாங்க மாட்டாருங்க. எப்படியாச்சும் ஒட்டிக் குடுத்துருங்க" என்றார், கூடவே வந்திருந்த அவர் மனைவி பொன்னாயி.

பிளாக் வார்ப்பிரும்பு. அது ரோஷக்காரப் பொருள். கரி நெருப்பில் சூடேற்றி, கொஞ்சம் கொஞ்சமாக வெல்டிங் வைத்து, சுடுசாம்பல் குழியில் புதைத்துவிட வேண்டும். மறுநாள் காலை வரை தானாக ஆற வேண்டும். நடுவில் திறந்து காற்றுப் பட்டால் பழையபடி விரிந்துவிடும்.

காலையிலேயே வேலையை முடித்துப் புதைத்தேன். கந்தப்பன் குழியைச் சுற்றிச் சுற்றி வந்தார். சாம்பல் மேல் கையை வைத்துப் பார்த்தார். "ஏனுங்க, இந்நேரம் ஆறியிருக்காதுங்களா?" பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் இதே கேள்வி. எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது.

"உங்க கைதானுங்க பிளாக்கை ஒடைச்சுது. இங்க நின்னா இன்னொரு வாட்டியும் ஒடைக்கும். ஊட்டுக்குப் போயிட்டு நாளைக்கு வாங்க!"

பட்டறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் முகம் சுண்டிப்போய் பொன்னாயியோடு நடந்தே கிளம்பினார்.

அதன்பிறகு யாருக்கோ செய்யவேண்டிய ஒரு இரும்புக் கேட்டை எடுத்து வேலையைத் தொடங்கினேன். கை ஓடவில்லை. கடைசியாக வைத்த வெல்டிங் சரியாகப் பிடித்ததா என்று ஒரு சந்தேகம். டீ குடித்தேன், சந்தேகம் பெரிதாயிற்று. நாலு மணிக்குக் குழியருகே போனேன். ஒரு ஓரம் மட்டும், ஒரு விரல் அகலம் மட்டும் என்று சாம்பலை விலக்கினேன். மலையில் தை மாதத்துச் சாயங்காலக் காற்று எப்படியிருக்கும் என்று எனக்கா தெரியாது? சில்லென்று ஒரு வீச்சு வந்தது. 'டிக்' என்று சின்னச் சத்தம். அவசரமாக மூடினேன். இனி மூடி என்ன பயன்?

மறுநாள் விடிந்ததும் கந்தப்பன் தனியாக வந்துவிட்டார். வார்ப்பு மட்டமானது என்று சொன்னால் நம்பிவிடுவார். அவர் முகத்தைப் பார்த்ததும் பொய் வரவில்லை. "நான்தாங்க தொறந்து பாத்துட்டேன். விரிஞ்சுபோச்சு" என்றேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல வெட்கமாக இருந்தது.

சாம்பலை விலக்கிக் காட்டிவிட்டு, திட்டுவார் என்று நின்றேன். அவர் குனிந்து விரிசலைத் தடவிப் பார்த்தார்.

"இன்னொருக்கா போட முடியுங்களா?"

"போடலாமுங்க. இதும் விட்டுதுன்னா அப்புறம் ஒட்டவே ஒட்டாது."

பழைய வெல்டிங்கைச் செதுக்கி எடுத்துவிட்டு, மறுபடி சூடேற்றி, மறுபடி வைத்து, மறுபடி புதைத்தோம். கந்தப்பன் ஒரு சாக்கை விரித்துக் குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீங்க ஊட்டுக்குப் போங்க. நான் பாத்துக்கறேன்" என்றார்.

"நீங்களா?"

"நான் தெனமும் இந்த அவசரத்தோடதான் மல்லுக்கட்டறேனுங்க. கை எப்பப் போவும்னு எனக்குத் தெரியும். உங்களுக்கு இது புதுசு."

மறுநாள் காலை நான் வந்தபோது இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன. சாம்பல் கலையவில்லை. எழுந்து மரத்துப்போன கைகளை உதறிக்கொண்டார். பிளாக்கை வெளியே எடுத்துத் தண்ணீர் நிரப்பிப் பார்த்தோம். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை.