குழாயடி இருந்த இடம்

இது நடந்தது போன வருஷம் ஆடி மாதத்தில். தேனியிலிருந்து கம்பம் போகிற சாலையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான் நர்சிங் சூப்பரிண்டெண்ட். சாதாரண நர்ஸாகச் சேர்ந்து, ஊசி போட்டுப் போட்டே தலை நரைத்து, இப்போது எல்லா நர்ஸ்களுக்கும் மேலே ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். மேலே என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த நாற்காலி அது. ஒரு பக்கம் நிர்வாகம், இன்னொரு பக்கம் நர்ஸ்கள்.

அந்த வருஷம்தான் ஆஸ்பத்திரி கைமாறியது. ஆரம்பித்து நடத்திய பெரிய டாக்டருக்கு முடியாமல் போனது. பிள்ளைகள் யாரும் இந்தப் பக்கம் வருவதாக இல்லை. வெளியூர்க் குழுமம் ஒன்று வாங்கிக்கொண்டது. வாங்கிய கையோடு பெயர்ப்பலகை மாறியது, சுவரின் நிறம் மாறியது, எங்கள் வெள்ளைச் சேலை போய் எல்லோருக்கும் நீல பேன்ட் சட்டை வந்தது. எல்லா நர்ஸும் எல்லாப் பிரிவிலும் வேலை பார்க்க வேண்டும் என்று வார்டுகளைக் கலைத்துப் போட்டார்கள். இதையெல்லாம் நடத்த கோயம்புத்தூரிலிருந்து ஒரு மேலாளர் வந்தார். என் மகன் வயதுதான் இருக்கும். எதைப் பார்த்தாலும், "இது எதுக்கு மேடம்?" என்பார்.

நானும் சும்மா இருக்கவில்லை. என் அறையைப் பிடுங்கிக்கொண்டு கண்ணாடித் தடுப்புக்குள் உட்கார வைத்ததற்கு ஒரு சண்டை, சேலைக்காக ஒரு சண்டை, புது டியூட்டி முறைக்காக ஒரு சண்டை. எல்லாவற்றிலும் தோற்றேன். தோற்றுவிட்டு வார்டுக்கு வந்தால், "என்ன மேடம், நீங்களும் அவுக பக்கம் சாஞ்சிட்டீகளா?" என்று என் நர்ஸ் பிள்ளைகளே கேட்டார்கள். வீட்டுக்குப் போனால் சோறு இறங்காது.

வந்த மாற்றங்களில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்றுதான். அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலை ஒட்டி ஒரு குழாயடி இருந்தது. ஒரு குழாயும் ஆள் நீளத்துக்கு ஒரு சிமென்ட் மேடையும். நோயாளியோடு வருகிறவர்கள் அங்கே தூக்குச்சட்டி கழுவுவார்கள், பிள்ளைகளுக்குக் கால் கழுவிவிடுவார்கள். எப்போது பார்த்தாலும் பாசி, சோற்றுப் பருக்கை, கொசு. இந்தக் கருமத்தை இடித்துத் தொலையுங்கள் என்று பெரிய டாக்டரிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். தலையை ஆட்டுவார், செய்யமாட்டார். புது மேலாளர் ஒரே நாளில் இடித்துத் தள்ளினார். அங்கே பூந்தொட்டிகள் வந்தன. சிரித்த முகமாக ஒரு குடும்பம் நிற்கிற பெரிய படம் வந்தது. உள்ளே புதுசாக ஏசி, தானே திறந்து தானே மூடுகிற கண்ணாடிக் கதவு. இந்தப் பிள்ளைக்கும் ஒரு நல்ல காரியம் செய்யத் தெரிந்திருக்கிறதே என்று மனசு குளிர்ந்து, அவரிடமே போய்ப் பாராட்டிவிட்டு வந்தேன்.

அந்தக் குளிர்ந்த அறையில்தான் கர்ப்பமாக இருந்த ஒரு நர்ஸைப் போட்டேன். கல்யாணமாகி ரொம்ப நாள் கழித்து, கோயில் குளமெல்லாம் சுற்றி உண்டான பிள்ளை. மாடி ஏற வேண்டாம், வெயில் வேண்டாம், பாதி நேரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கலாம் என்று நானே யோசித்துச் செய்தது. "நீங்க எனக்கு ஆத்தா மாதிரி மேடம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆடிக்காற்று எங்கள் பக்கம் எப்படி அடிக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மலைக் கணவாய் வழியாகப் புகுந்து பள்ளத்தாக்கையே உலுக்கும். திராட்சைத் தோட்டத்தில் பூச்சிமருந்து அடிக்கிறவர்கள் மேலேயே மருந்து திரும்பி வரும். அப்படித்தான் ஒரு மத்தியானம் அனுமந்தன்பட்டி பக்கத்திலிருந்து ஒரு விவசாயியைக் குட்டியானை வண்டியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். நான் அப்போது மேலாளரோடு மாடியில் கூட்டத்தில் இருந்தேன். விஷயம் தெரிந்து கீழே இறங்கியபோது டாக்டர் முறிவு மருந்து கொடுத்து, ஆளுக்கு மூச்சு கொஞ்சம் சீராகியிருந்தது. வாசலில் அவர் மனைவி அழுதுகொண்டு நின்றார்.

"திராட்சைப் பந்தலுக்கு மருந்தடிச்சுக்கிட்டு இருந்தாகம்மா. காத்து சுழட்டி அடிச்சுச்சு. சட்டையெல்லாம் நனைஞ்சு போச்சு, வீட்டுக்கு வாங்கன்னேன். இந்தா முடிஞ்சிருச்சுன்னாக. அப்படியே சாஞ்சிட்டாக."

அவரைத் தேற்றிவிட்டு உள்ளே போனேன். ஜில்லென்று இருந்தது. ரூம் ஸ்பிரே மணம் தூக்கியது. என் நர்ஸ் நெற்றியைப் பிடித்தபடி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். தலைசுற்றுகிறது, வாந்தி வருகிறது என்றாள். பிள்ளைத்தாய்ச்சிக்கு இது ஒரு அதிசயமா? போய் மோர் குடி என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். அந்தப் பக்கம் நின்றிருந்த ஆண் நர்ஸ், தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "மேடம், லைட்டெல்லாம் மங்கலாத் தெரியுது. எனக்கும் ஒரு மாதிரி குமட்டுது" என்றான்.

எனக்குச் சுரீர் என்றது. இவனுக்கு எதற்குக் குமட்ட வேண்டும்? ஓடிப்போய் அந்தப் பெண்ணின் முகத்தை நிமிர்த்திக் கண்ணைப் பார்த்தேன். கண்ணின் பாப்பா கடுகாகச் சுருங்கியிருந்தது. பூச்சிமருந்து உடம்பில் ஏறியவர்களின் கண் அப்படித்தான் இருக்கும். எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன். நர்ஸிடம் பார்ப்பேன் என்று நினைத்ததே இல்லை. குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தால், புது விதிப்படி நோயாளியின் உடைமைகளைப் போட்டு வைக்கிற பிளாஸ்டிக் பை வாய் திறந்து கிடந்தது. அதற்குள் மருந்தில் ஊறிய சட்டையும் கைலியும். அந்த மனிதரின் தலைமுடி, கழுத்து எல்லாம் இன்னும் ஈரம். அவரை யாருமே கழுவவில்லை. அந்தத் துணிகளை வெட்டி எடுத்துப் பையில் போட்டது இந்தப் பெண்தான்.

கத்தினேன். எல்லோரும் வெளியே போங்கள் என்றேன். கண்ணாடிக் கதவு திறந்து திறந்து மூடியது. அடைபட்டிருந்த மருந்து நெடி வெளியே போகட்டும் என்று, ஒரு வீல்சேரைக் குறுக்கே தள்ளி அது மூடாமல் நிறுத்தினேன். கையுறையும் ஏப்ரனும் மாட்டிக்கொண்டு, நானும் டாக்டருமாக ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினோம். என் கால் யாரையும் கேட்கவில்லை, நேராக வலது பக்கம் திரும்பியது. திரும்பி நின்றேன்.

அங்கே பூந்தொட்டிகள் இருந்தன. சிரித்துக்கொண்டிருந்த அந்தக் குடும்பம் இருந்தது. குழாய் இல்லை.

அப்போதுதான் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. மருந்து பட்டு வருகிறவர்களை நாங்கள் ஒருநாளும் நேரே உள்ளே கொண்டுபோனதில்லை. அந்தச் சிமென்ட் மேடையில் கிடத்தி, துணியை வெட்டி எறிந்து, தலை முதல் கால் வரை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் உள்ளே. நானே இளவயதில் அதே மேடையில் எத்தனை பேரைக் கழுவியிருக்கிறேன்! யாரும் அதை ஒரு விதி என்று சொல்லிக் கொடுக்கவில்லை. வந்து சேர்ந்தவர்கள் பார்த்துச் செய்தார்கள், அவ்வளவுதான். அப்படிச் செய்து பழகியவர்களை நாங்கள் மாடிக்கு மாற்றியிருந்தோம். கீழே இருந்தவர்கள் பிரசவ வார்டிலிருந்து வந்தவர்கள். கழுவித்தான் கொண்டுவந்திருப்பார்கள் என்று டாக்டர் நினைத்துக்கொண்டார்.

பின்னாலேயே ஓடிவந்த மேலாளர் என் முகத்தைப் பார்த்தார். "என்ன வேணும் மேடம்?"

"தண்ணி!"

அவர் ஓடிப்போய்ச் செடிக்கு ஊற்றுகிற ஹோஸ் பைப்பை இழுத்துக்கொண்டு வந்தார். கையுறை மாட்டாமல் பக்கத்தில் வராதீர்கள் என்று அவரையும் ஒரு அதட்டு அதட்டினேன். வண்டி நிறுத்துகிற இடத்தில், பட்டப்பகலில், அந்த மனிதரைக் கிடத்திக் கழுவினோம். "ஐயோ, இத்தனை பேரு முன்னாடி இப்படிக் கிடக்காகளே" என்று மனைவி பதறினார். நோயாளிகளோடு வந்த பெண்கள் கேட்காமலே ஒரு சேலையை விரித்து மறைவாகப் பிடித்தார்கள். காற்றில் அது படபடவென்று அடித்துக்கொண்டது. மேலாளர் நனைந்துபோய்த் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்.

அந்த விவசாயி பிழைத்துவிட்டார். ஆண் நர்ஸும் தேறிவிட்டான். அந்தப் பெண்ணைத்தான் குளிக்க வைத்து, மருந்து கொடுத்து, ஸ்கேன் அறைக்கு அழைத்துப் போனார்கள். உள்ளே போகும்போது என்னைப் பார்த்து, "மேடம், பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்டாள். அவள் தோளைத் தட்டி உள்ளே அனுப்பினேன். வாசலில் நின்றேன். அவளை அந்த நாற்காலியில் உட்கார வைத்தவள் நான், அந்தக் குழாய் போனதற்குச் சந்தோஷப்பட்டவளும் நான் என்பதைத் தவிர வேறு எதுவும் மனதில் ஓடவில்லை. அவளுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? கதவுக்கு அந்தப் பக்கம் திடுதிடுவென்று அந்தச் சின்ன இதயத்தின் சத்தம் கேட்டபோது, சுவரோடு சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மேலாளர் பக்கத்தில் வந்து குத்தவைத்தார்.

"அந்தக் குழாய் எதுக்குன்னு யாருமே எங்கிட்டச் சொல்லலையே மேடம்?"

குத்திக்காட்டவில்லை. தெரியாமல்தான் கேட்டார். தெரிந்த நானே பாராட்டிவிட்டல்லவா வந்தேன்? அதைச் சொன்னேன்.

இப்போது அதே இடத்தில் கூரை போட்டு, கழுவுவதற்கென்றே ஒரு மேடை கட்டியிருக்கிறார்கள். பலகையில் ஏதோ பெரிய பெயர் எழுதியிருக்கிறது. நாங்கள் குழாயடி என்றுதான் சொல்கிறோம். எது பட்டாலும் முதலில் இங்கேதான் என்று, புதிதாகச் சேர்கிற ஒவ்வொருவரையும் நானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன். அந்த நர்ஸுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தடுப்பூசிக்குத் தூக்கி வரும்போதெல்லாம் என் மடியில் போட்டுவிட்டுத்தான் போவாள்.

ஆஸ்பத்திரியில் மாற்றங்கள் நின்றபாடில்லை, எனக்கும் மேலாளருக்கும் சண்டையும் நின்றபாடில்லை. ஆனால் அன்றிலிருந்து, எனக்குப் பிடிக்காத மாற்றத்தை ஒரு தடவை பார்த்தால், மனசுக்குப் பிடித்துப்போகிற மாற்றத்தை நின்று இரண்டு தடவை பார்க்கிறேன்.