மல்லிச் சாக்கில் சுற்றிய படங்கள்

ஆரியசாலையில் எங்களுக்கு மிளகாய், மல்லி மொத்த வியாபாரம். ஓவியத்துக்கும் அப்பாவுக்கும் ஏழாம் பொருத்தம். இருந்தும் ஞாயிறு தவறாமல் நாங்கள் மூவரும் ஒரு சின்ன ஓவியக்கூடத்தில் ஆஜர். அம்மாவின் அண்ணன் வரைந்த படம் ஒன்றை அங்கே காட்சிக்குக் கொடுத்திருந்தோம்: பத்து வயது அம்மா, கையில் பாதி கடித்த கொய்யா. மாமா இருபத்து மூன்று வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் கையால் மிஞ்சியது அது ஒன்றுதான். அதைப் பார்க்கப் போன அம்மா மற்ற படங்களுக்கும் தூசி தட்டினாள், நான் பெயர்ச்சீட்டு எழுதினேன், அப்பா நாற்காலி சுமந்தார். அப்படித்தான் ஒட்டிக்கொண்டோம்.

போன ஜூன் மாத இடவப்பாதி மழையில் கூடத்தின் கூரை ஒழுகியது. பொறுப்பாளரான மலையாளத்து அம்மாள் கையைப் பிசைந்தார்.

"அண்ணாச்சி, இனி எந்து செய்யும்?"

"பேடிக்காதீங்க மேடம். நாப்பது வருஷமா ஒரு மூட்டை நனைய விட்டதில்ல, கேட்டீங்களா?" என்று அப்பா மார்தட்டினார்.

கடையிலிருந்து காலி மல்லிச் சாக்குகள் வந்தன. எல்லாப் படங்களையும் அவற்றில் சுற்றிக் கட்டினோம். என் மணிக்கட்டில் கடுகளவு பழுப்பு வண்டு ஒன்று ஊர்ந்தது. சுண்டிவிட்டேன். குழம்பில் விழுந்தாலே எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடுகிற வீடு எங்களுடையது. அதைப் போய் யார் சட்டை செய்வார்கள்? மூன்று மாதம், கூரை வேலை முடியும்வரை, படங்கள் சாக்குக்குள் இருந்தன.

மாசியில் ஒரு ஞாயிறு, மாமா படத்துக்குக் கீழே சுவரோரம் கொஞ்சம் தூள் கிடந்தது. அம்மா துடைத்தாள். அடுத்த ஞாயிறும் அதே இடத்தில் தூள். படத்தைத் திருப்பினேன். பின்னால் பசை தடவி ஒட்டிய அட்டை முழுக்கக் குண்டூசி குத்தினாற்போல் ஓட்டைகள். சொத்தை மல்லியில் பார்த்துப் பழகிய ஓட்டை அது. அப்பாவின் முகம் செத்துப்போனது.

"மூச்சு விடாத" என்றார் என்னிடம். சட்டம் ஆடுகிறது, ஆசாரியிடம் காட்டவேண்டும் என்று பொறுப்பாளரிடம் வாய்கூசாமல் பொய் சொல்லிப் படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"வெயில்ல போட்டா வண்டு ஓடிரும். மல்லிக்கு அதுதானே வைத்தியம்?"

"அப்பா, இது மல்லி இல்ல."

"நீ எனக்குப் படிப்பிக்காத."

மொட்டைமாடியில், காய்கிற மிளகாய்க்குப் பக்கத்தில் படத்தைப் படுக்கப் போட்டார். நானும் ஒரு முனையைப் பிடித்துக் கொடுத்தேன், வெட்கங்கெட்டவள்.

மத்தியானம் மிளகாய் கிளறப் போன அம்மா கீழே வரவே இல்லை. மேலே ஓடினோம். படத்தில் வண்ணம் செதில் செதிலாகக் கிளம்பியிருந்தது. அந்தப் பத்து வயது முகத்தில் மூக்கும் வாயும் போய்விட்டன. அம்மா உதிர்ந்த செதில்களை உள்ளங்கையில் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்க அண்ணனை ரெண்டாந்தரம் கொன்னுட்டீங்களே, பாவிகளா" என்றாள். பிறகு படத்தைத் தூக்கி அடியிலிருந்த ஓட்டைகளைப் பார்த்துவிட்டு, "மத்த படமும் நம்ம சாக்குலதானே கெடந்துச்சு? விளிச்சுச் சொல்லுங்க அவங்ககிட்ட."

நான்தான் போன் செய்தேன். என்னை வாய் திறக்கவே விடவில்லை பொறுப்பாளர்.

"மோளே, இப்ப உன்னைத்தான் விளிக்க நெனச்சேன். எல்லாச் சுவரடியிலும் பொடி பொடியா எந்தோ வீழுது, கூரைல இருந்துதான்னு தோணுது. அண்ணாச்சியோட சாக்கு இன்னும் கொஞ்சம் கிட்டுமோ? படமெல்லாம் பழையபடி அதுல பொதிஞ்சு வைக்கலாம்."