நாலு சக்கரமும் நாலு எலுமிச்சம்பழமும்

"ஏர்போர்ட்டுல பெட்டி கைக்கு வந்ததும் அங்கியே நாலு பக்கமும் திருப்பிப் பாரு சரோஜா. வாசலைத் தாண்டிட்டா உன் பேச்சு எடுபடாது" என்று எனக்கு முதன்முதலில் சொன்னவர் எங்கள் தெரு வசந்தாக்கா. போன வருஷம் தீபத்துக்கு மறுநாள், எங்கள் வீட்டு வாசலில் நின்று சொன்னார். அவர் அமெரிக்காவுக்கு மூன்று தடவை போய் வந்தவர். நானோ அப்போதுதான் முதல்முறையாக விமானம் ஏறப் போகிறேன். நன்றாகத் தலையாட்டினேன். தலையாட்டியதோடு சரி.

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பேரப்பிள்ளைகளை வளர்க்கப் பறந்து போகிற அம்மா வேலை இருக்கிறதே, அதற்குச் சம்பளம் கிடையாது, லீவு கிடையாது. ஊறுகாய், பருப்புப்பொடி எடுத்துப்போக முப்பது கிலோ மட்டும் உண்டு. என்னோடு அந்த வேலையில் இருக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தவள். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மஸ்கட்டில் ஒரு பூஜை

என் மகன் கார்த்தி மஸ்கட்டில் இருக்கிறான். பேரனைப் பார்த்துக்கொள்ள மூன்று மாதம் இருந்துவிட்டுக் கிளம்புகிற நாள். எங்கள் வீட்டில் சைக்கிளோ ஸ்கூட்டரோ, புதிதாக ஒரு பயணம் என்றால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் கிளம்புகிற வழக்கம் இல்லை. என்னிடம் இருந்தது ஒரே ஒரு பெரிய பெட்டி, வெளிர் நீலம். அதற்கும் நாலு சக்கரம் இருக்கிறதே! மூன்று பட்டை திருநீறு இட்டு, நடுவில் குங்குமம் வைத்தேன். கற்பூரம் ஏற்றினால் கூரையில் இருக்கும் புகை மணி அலறும் என்று கார்த்தி கையைப் பிடித்துக்கொண்டான். சரி, அது இல்லாமலே ஆகட்டும் என்று நாலு சக்கரத்துக்கும் நாலு பழம் வைத்து, "அண்ணாமலையாரே, துணைக்கு வா" என்று பெட்டியை முன்னால் தள்ளினேன். நாலும் வரிசையாக நசுங்கின.

கார்த்தி அத்தனையையும் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். சிங்கப்பூரில் இருக்கும் தங்கைக்கு அனுப்பத்தான். அதில் அவன் குரல் இன்னமும் கேட்கிறது: "செல்வி, சீக்கிரம் வந்து பாரு. லாரிக்கு எடுக்குற மாதிரி உங்கம்மா பெட்டிக்கு எஃப்.சி. எடுக்குறாங்க!"

பெட்டியோடு கிரிவலம்

சென்னையில் பெட்டி வந்தது. மல்லாந்து வந்தது. இரண்டு சக்கரத்தைக் காணோம். ஒரு மூலை உள்ளே அமுங்கி, கீழே போட்ட தேங்காய் மூடி மாதிரி விரிசல் விட்டிருந்தது. குங்குமம் மட்டும் வைத்த இடத்திலேயே இருந்தது. புகார் எழுதுகிற இடத்தில் எனக்கு முன்னால் ஆறு பேர். அன்றைக்குப் பௌர்ணமி வேறு. மதியம் தாண்டினால் எங்கள் ஊர் பஸ்ஸில் ஒரு காலை வைக்கக்கூட இடம் இருக்காது. வசந்தாக்கா சொன்னது ஞாபகம் வந்தது. பஸ்ஸும் ஞாபகம் வந்தது. பஸ் ஜெயித்துவிட்டது.

பௌர்ணமிக்கு எந்த பஸ்ஸையும் ஊருக்குள்ளே விடமாட்டார்கள். எல்லையிலேயே இறக்கிவிட்டார்கள். ஆட்டோவும் கிடையாது. என் வீடு செங்கம் ரோட்டுப் பக்கம், கிரிவலப் பாதையில். ஆக, கிரிவலம் போகிற கூட்டத்துக்கு நடுவே, இருக்கிற இரண்டு சக்கரத்தில் பெட்டியைக் கரகரவென்று இழுத்துக்கொண்டு நடந்தேன். பக்கத்தில் வந்த காவி வேட்டிக்காரர் ஒருவர் பெட்டியைப் பார்த்தார், அதில் இருந்த திருநீற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுக் கேட்டார்: "வெறுங்கையோட நடக்கவே எனக்கு மூச்சு வாங்குது. பெட்டியை இழுத்துக்கினு சுத்துறியே, இன்னாம்மா அப்படி ஒரு வேண்டுதல்?"

ஒன்றை அழுத்தவும்

செல்விக்கு அப்போது ஏழரை மாதம். ஆறு வாரத்தில் நான் சிங்கப்பூரில் இருக்கவேண்டும். பெட்டி உடைந்தது என்று முனகினாலே போதும், பிள்ளைகள் புதிதாக வாங்கிக் கொடுத்துவிடுவார்கள். உடைத்தவர்கள் சும்மா இருக்க, என் பிள்ளைகள் எதற்குத் தண்டம் அழவேண்டும்? சரிபண்ண ஆகிற செலவை உடைத்தவர்களே கொடுக்கட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். செல்வி எங்கெங்கோ படித்துப் பார்த்து, "ஏழு நாளுக்குள்ள எழுத்துல கொடுத்துட்டா போதும்மா, இன்னும் வழி இருக்கு" என்றாள். அவளே இங்கிலீஷில் எழுதி, நான் எடுத்த படங்களையும் சேர்த்து விமானக் கம்பெனிக்கு அனுப்பினாள். விமானச் சீட்டும், பெட்டியில் ஒட்டிய அட்டையும் கேட்டார்கள். நல்லபடியாக வந்து சேர்ந்ததற்கு நன்றியாக இரண்டையும் சாமி மாடத்தில் திருநீற்றுத் தட்டுக்கு அடியில் வைத்திருந்தேன். அதனால் தப்பித்தேன்.

அப்புறம் போன். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து, பாட்டுக் கேள். அந்தப் பாட்டு முடிவதற்குள் நூற்றெட்டு நமசிவாய சொல்லி முடித்துவிட்டேன். கடைசியில் ஒரு பெண் வந்தாள். குரல் தேன். அடுத்த பயணத்துக்கு ஐந்நூறு பாயிண்ட் தருகிறோம், இதோடு முடித்துக்கொள்ளலாமா என்றாள். "கண்ணு, பாயிண்ட்டை மாட்டினா பெட்டி உருளுமா?" என்று கேட்டேன். நான் சண்டைக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "நாம பேசுறது ரெக்கார்டு ஆவுதும்மா, நான் சிரிக்கக் கூடாது. நீங்க ரிப்பேர் கடையில செலவு எவ்வளவுன்னு எழுதி வாங்கி அனுப்புங்க."

யூசுப் பாய் எழுதிக் கொடுத்தது

தேரடிப் பக்கம் பை, பெட்டி தைக்கிற கடை வைத்திருக்கிறார் யூசுப் பாய். என் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பையெல்லாம் அவர் கை பட்டவைதான். துணைக்கு வந்த வசந்தாக்கா நேராக விஷயத்துக்கு வந்துவிட்டார். "பாய், இதை சரி பண்ணவே முடியாதுன்னு எழுதிடுங்க. முழுப் பெட்டிக்கும் பணம் வந்துடும்." நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. திரும்பினால் கோபுரம் தெரியும் என்பதால், மேலே தொங்குகிற பைகளை எண்ணிக்கொண்டு நின்றேன்.

பாய் பெட்டியைத் திருப்பினார், தட்டினார், மூலையை முகர்ந்துகூடப் பார்த்தார். பிறகு இரண்டு சக்கரம், ஒரு மூலைத் தகடு, கூலி என்று எழுதிக் கூட்டி, கடை சீலைக் குத்தினார். நான் எண்ணிக்கொண்டிருந்த பைகளை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். மனசு லேசாகிவிட்டது. வசந்தாக்காவுக்குத்தான் முகம் சுருங்கியது. காகிதத்தை என் கையில் கொடுத்துவிட்டு அவரைப் பார்த்துச் சொன்னார் பாய்: "ஒரு ரூபா ஜாஸ்தியும் இல்ல, கம்மியும் இல்லக்கா. யூசுப்பால முடியாதுன்னு யூசுப்பே எழுதி சீல் குத்தினா, அந்தக் காகிதத்தை ஊரெல்லாம் காட்ட நீங்க ஒருத்தரே போதும்!"

சக்கரத்தில் விதை

பதில் வந்தது. செல்வி போனில் படித்துக் காட்டினாள். பெட்டியின் மேல் சிவப்புக் கறை இருக்கிறதாம். மிச்சம் இருக்கும் இரண்டு சக்கரத்திலும் காய்ந்த பழத்தோலும் விதையும் ஒட்டியிருக்கிறதாம். ஆகவே பெட்டி முன்பே கண்டபடி கையாளப்பட்டது, சேதம் எங்களால் அல்ல, வணக்கம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கிளம்ப மூன்று வாரம்கூட இல்லை. சாமி மாடத்துக்கு முன்னால் உட்கார்ந்து, "உன்னை நம்பி வெச்ச பொட்டு கறையாம்ப்பா. நீயே கேளு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். போனை வைக்காமல் அதைக் கேட்டுக்கொண்டிருந்த செல்வி திடீரென்று கத்தினாள்: "ம்மா! அண்ணன் எடுத்த வீடியோ!"

அதில் எல்லாம் இருந்தது. கிளம்பின அன்றைய தேதி, முழுசாக நாலு மூலை, ஒவ்வொன்றாகப் பழத்தின் மேல் ஏறி இறங்குகிற நாலு சக்கரம். வயிற்றுப்பிள்ளைக்காரி அதை உடனே அனுப்பிவைத்தாள். நாலாம் நாள் ஒரு அதிகாரியே கூப்பிட்டார். தமிழ்க்காரர்தான். பாய் எழுதிய தொகை அப்படியே வரும், தாமதத்துக்கு மன்னிக்கவேண்டும் என்றார். நான் நன்றி சொல்லியும் அவர் போனை வைக்கவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேட்டார்: "அம்மா, ஒரு சந்தேகம். போன வாரம் புது பைக் எடுத்தேன், முன்சக்கரத்துக்கு மட்டும்தான் பழம் வெச்சேன். பின்சக்கரத்துக்கும் வெக்கணுமா?"

பணம் வந்தது. பாய் சக்கரம் மாட்டிக் கொடுத்தார், இனிமேல் பழம் நசுக்கினால் கேரண்டி கிடையாது என்ற எச்சரிக்கையோடு. நாளைக்குக் கிளம்புகிறேன். பழம் வாங்கிவிட்டேன், பாயிடம் சொல்லவில்லை. படம் பிடிக்க வசந்தாக்கா வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

அண்ணாமலையார் பெட்டியைக் காப்பாற்றாவிட்டாலும் சாட்சி சொல்ல வந்துவிட்டார். உங்களுக்கும் வருவாரோ என்னவோ, அதனால் கிளம்புவதற்கு முன்னால் பெட்டியைச் சக்கரம் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.