வெண்ணெயா, பிஸ்கட்டா?

ஸ்பேனரைக் காதோரம் பிடித்துக்கொண்டு நகத்தால் ஒரு சுண்டு சுண்டுகிறார். கண்கள் மூடியிருக்கின்றன. அந்த ‘ணிங்’ முழுதாக அடங்கும்வரை தள்ளுபடிக் கடையின் அந்த வரிசையில் யாரும் கூடையைக்கூட நகர்த்தக் கூடாது. நகர்த்தினால் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார். மனிதர் வேலை செய்வது நூலகத்தில்.

“வெண்ணெய்” என்று சொல்லி அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கிறார்.

அவர் கணக்கில் இரும்பு மூன்று சாதி. பலம் கொடுத்தால் வளைவது வெண்ணெய். வளையாமல் படக்கென்று உடைவது பிஸ்கட். இரண்டும் இல்லாமல் நின்று வேலை செய்வதுதான் ‘ஆளு’. ஸ்குரூ திருகும் திருப்புளி என்றால் முதலில் பிடியை மோந்து பார்ப்பார். குறடு என்றால் அதன் வாயை மூடி விளக்குக்கு நேராகப் பிடித்து, பல்லிடுக்கில் வெளிச்சம் கசிகிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். சுத்தியலைத் தலைகீழாக ஆட்டிவிட்டு, “கழுத்து ஆடுதும்மா இதுக்கு. அடிக்கிறப்ப தலை நம்ம பக்கம் வந்துரும்” என்று பக்கத்தில் நின்ற அம்மாளை எச்சரிப்பார். அந்த அம்மாள் துடைப்பம் வாங்க வந்தவர்.

“ஏன் சார், ஸ்பேனர் வாங்குறீங்களா, சம்பந்தம் பேசுறீங்களா?” என்று கடைப்பெண் ஒருநாள் கேட்டேவிட்டாள்.

அவர் சிரிக்கவில்லை. “சம்பந்தம் தப்பாப் போனாக்கூட சமாளிச்சுக்கலாம்மா. திருப்புளி தப்பாப் போனா ஸ்குரூ தலையே வழுக்கிரும்.”

மனிதர்களுக்கும் இதே தரம்தான். மேலதிகாரி வெண்ணெய். மச்சினன் பிஸ்கட், ஒரு சொல் பொறுக்கமாட்டான். ஒருநாள் துணி மடித்துக்கொண்டே, “அப்ப நான் என்ன?” என்று மனைவி கேட்டாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவள். கேள்வி ஊசி மாதிரிதான் இறங்கும். “உன்னைச் சுண்டிப் பாக்க முடியுமா?” என்று சொல்லிவிட்டு, இல்லாத வேலையைத் தேடிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். பிழைக்கத் தெரிந்தவர்.

வீட்டில் மூன்று இழுப்பறை நிறையக் கருவிகள். ஆனால் குளியலறைக் கண்ணாடி வெகுநாளாகக் கோணலாகவே தொங்கியது. அதற்குத் தோதான திருப்புளி இன்னும் அமையவில்லை என்பார். பொறுத்துப் பார்த்த மனைவி, அதே கடையில் மஞ்சள் பிடி போட்ட ஒன்றை வாங்கி வந்தாள். மோந்தார், சுண்டினார். “பிஸ்கட். சுத்த பிஸ்கட். திருப்பிக் குடுத்துரு.” “சரிங்க” என்றாள். கொஞ்ச நாளில் கண்ணாடி தானாக நிமிர்ந்துகொண்டது. “பாரத்துலயே படிஞ்சிருச்சு பாத்தியா?” என்று அவளுக்கு விளக்கமும் சொன்னார்.

ஒரு காலை நேரம். சீருடை உடுத்தி முகம் கழுவப் போனவள் குளியலறைக்குள்ளிருந்து கூப்பிட்டாள்: “ஏங்க, தாழ்ப்பாள் சிக்கிக்கிச்சு, அசையவே மாட்டேங்குது. ஆஸ்பத்திரி வண்டி வந்துரும். இன்னைக்கும் லேட்டாப் போனா மேட்ரன் என்னை உண்டு இல்லைன்னு பண்ணிருவாங்க.”

“நான் இருக்கேன்ல!” முகமெல்லாம் வெளிச்சம். இத்தனை வருஷம் சேர்த்ததெல்லாம் இந்த ஒரு நாளுக்குத்தானே! ‘ஆளு’ ரகம் மட்டும் வைத்திருந்த இழுப்பறையைத் திறந்தார். வெளிப்பக்கக் கீலைக் கழற்றினால் கதவு கையோடு வந்துவிடும்.

முதல் திருப்புளியின் முனை முறுக்கிக்கொண்டது. இரண்டாவதில் கம்பி நின்ற இடத்தில் நிற்க, பிடி மட்டும் சுற்றியது. “ஸ்குரூ சரியில்ல” என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். தெருமுனையில் வண்டி ஹாரன் அடித்தது. துணியில் சுற்றி வைத்திருந்த மூன்றாவதை, ஆளிலும் ஆளான அதை, எடுத்துக் கீலில் வைத்து மூச்சைப் பிடித்துத் திருகினார்.

படக்.

உடைந்த முனை செருப்பு அடுக்குக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. அவருக்கும் அங்கேயே போய் ஒளிந்துகொள்ளத் தோன்றியது. தன்னால் அவள் இன்று திட்டு வாங்கப்போகிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

“உடைஞ்சிருச்சா?” என்றாள் உள்ளேயிருந்து.

“ம்.”

“எல்லாமா?”

மூன்றையும் அந்தத் துணிக்குள் சுருட்டி வைத்தார். உள்ளே ஒரு பெருமூச்சு. பிறகு கிர்... கிர்... என்று ஒரு சத்தம். தூக்கத்தில் கேட்டாலும் அவருக்கு அது தெரியும்: துருப்பிடித்த திருகாணி நல்ல முனைக்கு இணங்கி வருகிற சத்தம். ஒவ்வொன்றாகத் திருகாணிகள் தரையில் விழுந்தன. தாழ்ப்பாள் பெயர்ந்து தொங்க, கதவு திறந்தது. அவள் கையில் மஞ்சள் பிடி.

“திருப்பிக் குடுக்கலையா நீ?”

“கண்ணாடிக்குப் பின்னாடிதான் இருந்துச்சு. எடுத்தா உங்க மனசு சங்கடப்படுமேன்னு இவ்வளவு நேரம் பொறுத்தேன். வண்டி போயிருமேங்க, அதான்...”

அவர் முகத்தில் அசடு வழிந்தது. ஆனாலும் பழக்கம் விடுமா? கையை நீட்டி, “இப்படிக் குடு, இன்னொரு தரம் சுண்டிப் பாத்துடறேன்” என்றார்.

அவள் கொடுக்கவில்லை. மஞ்சள் பிடியால் அவருடைய வழுக்கை மண்டையில் ‘டொக்’கென்று மெல்ல ஒரு தட்டு தட்டினாள். தெருமுனையில் ஹாரன் அலற, கண்களை மூடி, அவர் தலையோரம் காதைக் கொண்டுபோய், ஓசை முழுதாக அடங்கும்வரை கேட்டுக்கொண்டு நின்றாள்.