ரேக் நாலு, லெவல் ரெண்டு

தங்கச் சுரங்கத்தை மூடிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. வேலை போனவர்கள் பகலில் வீட்டில் இருக்கத் தொடங்கியதும், வருஷக்கணக்காக ஒழுகிக்கொண்டிருந்த கூரைகள் அவர்கள் கண்ணில் பட்டன. தங்கவயலில் அப்போது சுமாராக நடந்த வியாபாரம் சிமெண்டும் ஷீட்டும் குழாயும்தான். அந்தக் கடைகளுக்குச் சரக்கு மென்பொருள் விற்ற பெங்களூர் கம்பெனி ஒன்று, அதைச் சொல்லிக்கொடுக்க என்னை அனுப்பியது. ஊர்க்காரன் என்பதுதான் என் தகுதி. அதுவும் அரைகுறைத் தகுதி. அப்பா கனரக இயந்திரத் தொழிற்சாலையில் இருந்தவர். எங்கள் வீட்டில் யாரும் பூமிக்குக் கீழே இறங்கியதில்லை, தண்ணீர்த் தொட்டி கழுவ இறங்கியது நீங்கலாக.

நந்திதுர்க் பக்கம் ஒரு கடை. மூன்று நாள் பயிற்சி. முதலாளி முதல் நாளே விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"சார், குடோன்ல ஒரு அண்ணன் இருக்காரு. மைன்ஸ் ஆளு, பாவம்னு வச்சிக்கினேன். உங்க சீட்டைப் பாத்து சாமான் எடுத்தா இருக்கட்டும். இல்லேன்னா என் மச்சான் சும்மாதான் சுத்தினு இருக்கான்."

அந்த அண்ணனுக்கு ஐம்பது தாண்டியிருக்கும். கேஜ் என்கிற சுரங்கக் கூண்டில் இறங்கி ஏறி முப்பது வருஷம். சாமான் பெயரைச் சொன்னால் போதும், முக்கால் இஞ்ச் குழாய் எல்போவோ கதவுக் கீலோ அரை நிமிஷத்தில் கையில் இருக்கும். துரதிர்ஷ்டவசமாக, பெயரே தேவையில்லை என்பதுதான் எங்கள் மென்பொருளின் பெருமை. சீட்டில் இடம் மட்டும் அச்சாகும்: ரேக் நாலு, லெவல் ரெண்டு. கடைக்கு நேற்று வந்தவனும் எடுத்துவிடலாம். முன்பே இருப்பவர்களுக்கு என்ன ஆகும் என்பது பற்றிக் கையேட்டில் ஒன்றும் இல்லை.

இரண்டு நாளில் சாமான்களின் இடத்தை எல்லாம் நானே பதிந்தேன். பத்து ரேக், ஒவ்வொன்றிலும் ஆறு தட்டு. அண்ணனிடம், "லெவல் தெரியும் இல்ல?" என்றேன்.

"அதத்தான சார் முப்பது வருஷமா பாத்துகினு இருந்தேன்" என்று சிரித்தார். பயிற்சி முடிந்தது என்று எழுதிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை முதலாளி ஒரு சீட்டை நீட்டினார். அண்ணன் போய் ஆணிப் பொட்டலம் கொண்டுவந்தார். திரையில் இருந்தது தாழ்ப்பாள்.

"இன்னாண்ணா இது, கதவுக்கு ஆணிய அடிச்சு சாத்தச் சொல்றியா?"

அடுத்த சீட்டுக்குப் பெயிண்ட் பிரஷ் வந்தது. கேட்டது குழாய் வளைவு. மூன்றாவது சீட்டோடு நானும் பின்னால் போனேன். ரேக்கின் முன் நின்று, அண்ணாந்து, உச்சித் தட்டில் விரலை வைத்து, ஒன்று, இரண்டு என்று கீழ்நோக்கி எண்ணினார். சுரங்கத்தில் இறங்க இறங்கத்தான் லெவல் எண் கூடும். நான் மாடி வீடுபோல் கீழிருந்து எண்ணியிருந்தேன். ஐந்து தட்டு இருந்தால் நடுத்தட்டாவது இரண்டு பேருக்கும் ஒத்துப்போயிருக்கும். ஆறு என்பதால் தற்செயலாகக்கூட அவர் சரியாக எடுக்க வழியில்லை.

அப்போதே கத்தியிருக்க வேண்டும். தப்பு என்னுடையது என்று தெரிந்தால், மொத்தத்தையும் மேலிருந்து எண்ணி மாற்றிப் பதியச் சொல்வார் முதலாளி; இன்னும் இரண்டு நாள். மறுநாள் கோலாரில் இன்னொரு கடை. மனசாட்சி குத்தியது என்று எழுத ஆசைதான். காலில் செருப்பு கடித்துக்கொண்டிருந்தது, அது நினைவிருக்கிறது.

மூன்றாவதும் தப்பாக வந்தது. முதலாளி என்னைப் பார்த்தார். "கத்துக்குவாரா சார்?"

"இன்னும் கொஞ்சம் பழகணும்" என்றேன். பயிற்சியாளர்கள் எல்லா ஊரிலும் சொல்லும் வாக்கியம். பொய்கூட இல்லை.

முதலாளிக்கு அது போதும். "சரிண்ணா, ரெண்டு நாள் வூட்ல இருங்க. சொல்லி அனுப்பறேன்." சொல்லி அனுப்ப மாட்டார் என்பது மூன்று பேருக்கும் தெரியும். மத்தியானம் மச்சான் வந்தார். கீழிருந்து எண்ணி, எல்லாவற்றையும் சரியாக எடுத்தார். பயிற்சி மிக நன்று என்று முதலாளி என் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

சாயந்திரம் கோரமண்டல் ஸ்டேஷனுக்கு நடந்தபோது, டீக்கடைப் பெஞ்சில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். எனக்கும் ஒரு டீ சொன்னார். குடித்து முடித்ததும் கேட்டார்.

"சார், உங்க கம்ப்யூட்டர்ல கீழருந்தா எண்றது?"

"ஆமா."

"மச்சான் எடுக்கறத வாசல்ல நின்னு பாத்தேன். அப்பதான் தெரிஞ்சுது." டம்ளரைக் கீழே வைத்தார். "உங்களுக்கு எப்ப தெரியும்?"

"காலைல."

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். இரண்டு டீக்கும் காசை எடுத்து வைத்தார்.

"போங்க, வண்டி வந்துடும்" என்றார்.

போனேன். வண்டி சரியான நேரத்துக்கு வந்தது. ஜன்னலோர இடமும் கிடைத்தது.