வாசலைவிட உயர்ந்த சாலை

சாலை போடும் கம்பெனியில் அவளுக்கு ‘முக்கோணத்தம்மா’ என்று பெயர். வைத்தவர் மண்ணைச் சமப்படுத்தும் கிரேடர் வண்டியை ஓட்டுகிறவர். எந்த நேரம் எட்டிப் பார்த்தாலும் அவள் கணினித் திரையில் மீன்வலையை விரித்ததுபோல ஆயிரக்கணக்கான முக்கோணங்கள் கிடக்கும். வரைபடத்தில் இருக்கும் கோடுகளையும் உயரங்களையும் எடுத்து, முக்கோணம் முக்கோணமாக இணைத்து, இன்னும் போடாத சாலையின் மேற்பரப்பை அவள் முதலில் திரையில் போட்டுவிடுவாள். அதற்கு மாடல் என்று பெயர். அதைக் கிரேடரில் ஏற்றிவிட்டால், வண்டி தான் நிற்கும் இடத்தைச் செயற்கைக்கோள் மூலம் அறிந்துகொண்டு, மண் சீவும் தகட்டைத் தானே ஏற்றி இறக்கிக்கொள்ளும். முளை அடிக்க வேண்டாம், கயிறு கட்ட வேண்டாம். தான் வெறுமனே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகவும், வண்டி ஓட்டுவது முக்கோணத்தம்மாதான் என்றும் கிரேடர்காரர் எல்லோரிடமும் சொல்லித் திரிவார்.

பதினோரு வருடமாக இந்த வேலை. ஒரு கோடு விட்டுப்போனால் போதும், முக்கோணம் எங்கோ தாவி ஒட்டிக்கொண்டு, இல்லாத பள்ளத்தைக் காட்டும். வண்டி கேள்வி கேட்காது. பள்ளம் என்றால் பள்ளம், மேடு என்றால் மேடு. அதனால் அவள் உயரத்தைப் பத்து மடங்கு பெருக்கிக் காட்டச் சொல்லி, தலையில் பேன் பார்ப்பதுபோல ஒவ்வொரு இடமாகப் பார்ப்பாள்.

அப்படிப் பார்த்தபோதுதான் அந்தத் தெரு கண்ணில் பட்டது.

நகரத்தின் கிழக்கே ஒரு பழைய சாலையை அகலப்படுத்திப் புதிதாகப் போடும் வேலை. வரைபடம் மூன்றாவது முறையாகத் திருத்தி வந்திருந்தது. சாலைக்கு அடியில் ஓடும் குடிநீர்க் குழாயைத் தாழ்த்த முடியவில்லையாம். அதனால் சாலையை அந்த இடத்தில் இருபத்திரண்டு சென்டிமீட்டர் உயர்த்திவிட்டார்கள். அவள் மாடலை முடித்து, மழை பெய்தால் தண்ணீர் எப்படி ஓடும் என்று கணினியைக் கேட்டாள். நீல அம்புகள் முளைத்தன. எல்லாம் தெற்கு ஓரத்து வீடுகளைப் பார்த்துத் திரும்பியிருந்தன. அந்த வரிசையில் நான்காவது வீடு அவளுடைய அக்காளுடையது.

படிக்கிற காலத்தில் ஆறு வருடம் அவள் அந்த வீட்டில்தான் இருந்தாள். அக்காள் தையல்காரி. முன்னறையில் துணி வெட்டும் மேசைக்குக் கீழேதான் இவளுக்குப் படுக்கை. காலையில் எழுந்தால் தலைமுடியில் நூல் ஒட்டியிருக்கும்.

சர்வே அளவுகள் நடைபாதை ஓரத்தோடு நின்றுவிட்டன. வீட்டு வாசல்களின் உயரம் எதிலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அக்காள் வீட்டுக்குப் போனாள். சாப்பிட்டு முடித்ததும் பையிலிருந்து டேப்பை எடுத்து, சாலை ஓரத்திலிருந்து வாசற்படி எவ்வளவு உயரம் என்று அளந்தாள். எட்டு சென்டிமீட்டர்.

“என்னடி, வாசலை அளக்குற?” என்றாள் அக்காள் உள்ளேயிருந்து.

“சும்மாதான்க்கா. டேப்பு சரியா இருக்கான்னு பாத்தேன்.”

திங்கட்கிழமை காலையில் பிராஜெக்ட் மேனேஜரிடம் போய் அம்புகளைக் காட்டினாள். சாலை வந்த பிறகு வாசல்கள் பதினான்கு சென்டிமீட்டர் தாழ்ந்துபோகும், தெற்கு ஓரத்தில் ஒரு வடிகால் வேண்டும் என்றாள். அவர் கெட்ட மனிதர் இல்லை. முழுக்கக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வடிவமைப்பு வேறு நிறுவனத்துடையது, கேள்வி எழுப்பினால் வேலை இரண்டு மாதம் நிற்கும், நிற்கிற மாதங்களுக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும் என்றார்.

“டிராயிங்ல இருக்கிறது மாடல்ல இருக்கா?”

“இருக்கு சார்.”

“அவ்ளோதான்மா நம்ம வேலை.”

அதையே அவருக்கு ஒரு மின்னஞ்சலாகவும் எழுதினாள். ‘பார்க்கப்பட்டது’ என்று ஒரே வார்த்தையில் பதில் வந்தது. கோப்பைக் கிரேடருக்கு அனுப்பினாள். அக்காளிடம் சொல்லியிருக்கலாம். தெருக்காரர்கள் பத்துப் பேர் மனு எழுதியிருப்பார்கள். விஷயம் எங்கிருந்து கசிந்தது என்று கம்பெனி கேட்டிருக்கும். அவளிடம்தான் வந்து நின்றிருக்கும். அவள் கணவனுக்கு அப்போது வேலை இல்லை, மகளுக்குக் கல்லூரி முதல் வருடம். இதையெல்லாம் அவள் பிற்பாடு தனக்குத்தானே பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். உண்மையில் அந்த வாரம் அவள் எதையும் யோசிக்கவில்லை. சொல்லாமல் இருந்தாள், அவ்வளவே.

அக்காள் கணவர் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். சாலை வேலை நடந்த இருபது நாளும் காலையிலேயே நாற்காலியைத் தூக்கிவந்து ஓரத்தில் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்தார். கயிறும் இல்லாமல் முளையும் இல்லாமல் தகடு தானாக ஏறி இறங்குவதை அக்கம்பக்கத்தாருக்கு விளக்கினார். இதெல்லாம் தன் கொழுந்தியாள் போட்ட கணக்கு, அவள் சொன்னபடிதான் வண்டியே நடக்கிறது என்று பெருமை பேசினார். அந்தப் பேச்சே பின்னால் அவளுக்கு முள்ளாகும் என்று, பாவம், அவருக்குத் தெரியாது.

முதல் பெருமழை ஒரு மத்தியானம் பெய்தது. முக்கால் மணி நேரம்தான். அக்காள் பள்ளிச் சீருடைகள் தைத்துக்கொண்டிருந்தாள்; முப்பத்தெட்டு ஜோடி, முடித்ததும் முடிக்காததுமாகத் தரையில் கட்டுக்கட்டாக இருந்தன. சாலையின் தார்க் கசடோடு தண்ணீர் வாசலைத் தாண்டி வந்தது. தையல் மெஷின் மிதி வரைக்கும் ஏறியது. வெள்ளைச் சட்டைகள் ஒன்றுகூடத் தேறவில்லை.

மறுநாள் அவள் போனபோது தெருவே பாய்களையும் மெத்தைகளையும் காயப்போட்டிருந்தது. யாரும் அவளைத் திட்டவில்லை. மூன்றாவது வீட்டு அம்மா மட்டும், “நீங்கதான அந்தக் கணக்குப் போட்டது?” என்று கேட்டுவிட்டுத் துடைப்பத்தோடு உள்ளே போனாள். அக்காள் கணவர் நாற்காலியில் உட்கார்ந்து தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்காள் ஈரச் சட்டைகளைப் பிழிந்துகொண்டிருந்தாள். இவளும் குனிந்து ஒன்றை எடுத்தாள்.

“அத வை,” என்றாள் அக்காள். பிறகு நிமிராமலே கேட்டாள்: “அன்னிக்கு வந்து அளந்தியே. தெரிஞ்சுதான அளந்த?”

அவளுக்கு மேனேஜர், குழாய், மின்னஞ்சல் என்று எல்லாம் வாய்வரை வந்தன.

“ஆமாக்கா.”

“என் கையால சாப்பிட்டதுக்கு அப்புறம்தான அளந்த?”

அக்காள் அடுத்த சட்டையை எடுத்துப் பிழிந்தாள்.

அடுத்த மாதம் கம்பெனிக்குத் தர ஆய்வு வந்தது. சாலையை இருநூறு இடத்தில் அளந்தார்கள். எங்கும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் பிசகவில்லை. கூட்டத்தில் மேனேஜர் அவளை எழுந்து நிற்கச் சொன்னார். கைதட்டினார்கள். கிரேடர்காரர் எல்லோரையும்விட அதிகமாகத் தட்டினார்.

தெருக்காரர்கள் எழுதிய மனுவுக்கு ஏழு மாதம் கழித்து ஒரு வடிகால் கிடைத்தது. அதற்கான மாடலையும் அவளிடமே கொடுத்தார்கள். ஒன்றரை நாளில் முடித்தாள். அப்போது நான்காவது வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். அக்காள் நகரத்தின் மறுகோடியில் ஒரு மாடி வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். விலாசத்தை அக்காள் கணவர் தொலைபேசியில் சொன்னார். சொல்லிவிட்டு, இப்போதைக்கு வர வேண்டாம், வந்தால் தனக்குத்தான் சங்கடம் என்றார்.

இப்போதெல்லாம் எந்த மாடலை அனுப்புவதற்கு முன்பும் அவள் ஒரு நாள் விடுப்பு எடுத்து, அந்தச் சாலை வரப்போகும் தெருவுக்குப் போய் வாசல்களை அளந்து, யாராவது கேட்டால் எதற்கென்று சொல்லிவிட்டு வருகிறாள். இரண்டு தெருக்களில் மனு போயிருக்கிறது. ஒன்றில் வரைபடம் மாறியது. மேனேஜர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருக்கிறார். கணவன் அதைப் படித்துவிட்டு, இந்தத் துணிச்சல் அன்றைக்கு எங்கே போயிருந்தது என்று கேட்டான். குத்திக்காட்ட இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அவள் கடிதத்தை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.